பாண்டியில் அம்பாசிடருக்குப் புதுச் சாவி: பெரிய மார்க்கெட் சாவிக்காரர் எப்படி?

பெரிய மார்க்கெட் பக்கத்தில், பாதையோரம், ஒரு குடையும் ஒரு மரப்பெட்டியும்தான் கடை. பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. எங்கள் அம்பாசிடருக்கு இக்னிஷன், முன்கதவு, டிக்கி மூன்றுக்கும் இவர்தான் புதுச் சாவி செய்து கொடுத்தார், மொத்தம் 1,900 ரூபாய். இக்னிஷன் வேலைக்கு முழு மார்க், கதவுக்கும் அப்படியே, டிக்கிக்குப் பாஸ் மார்க்தான், சொன்ன நேரத்துக்கு வருவதில் ஃபெயில்.

கார் 1984 மாடல் மார்க் 4, பெட்ரோல், தாத்தா வாங்கியது. வில்லியனூர் வீட்டைக் காலி செய்து லாஸ்பேட்டைக்கு வந்த களேபரத்தில் சாவிக்கொத்து எந்த அட்டைப்பெட்டியோடு போனதோ, கிடைக்கவே இல்லை. மூன்று சாவியும் ஒரே வளையத்தில் இருந்தன. ஸ்பேர் ஒன்று எப்போதோ இருந்ததாக அம்மா சொல்கிறார், அவ்வளவுதான்.

முதலில் வந்து பார்த்த மெக்கானிக், "எதுக்கு சார் சாவி, டேஷ்போர்டைக் கழட்டி ஒயரை டைரக்ட் பண்ணி ஒரு புஷ் சுவிட்ச் வச்சிடலாம், அரை மணி நேர வேலை" என்றார். இத்தனை வருஷம் கீறல் விழாமல் காப்பாற்றிய டேஷ்போர்டில் ஓட்டை போட மனசு வரவில்லை, அதைவிட, சுவிட்சை அமுக்கினால் யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால் அப்புறம் பூட்டு எதற்கு? இன்னொருவர் சொன்னது, சென்னை புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய வண்டியில் கழற்றிய லாக் செட்டைச் சாவியோடு வாங்கி வரச் சொல்லி. அது மோசமான யோசனை இல்லை, ஆனால் அதை மாட்டுவதற்கு முதலில் கதவைத் திறந்தாக வேண்டுமே.

ஒன்று சொல்லிவிடுகிறேன், சாவி தொலைந்தால் பழைய கார்க்காரன்தான் கொடுத்துவைத்தவன். இப்போதைய கார்களில் சாவியின் தலைப்பகுதிக்குள் சிப் இருக்கிறது, அதை வண்டியின் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொண்டால்தான் என்ஜின் ஓடும், எனவே சாவியை வெட்டினால் மட்டும் போதாது, புரோகிராம் செய்ய வேண்டும், பில் பல ஆயிரத்தில் வரும். அம்பாசிடருக்கு அந்தக் கவலை இல்லை, வெறும் உலோகத் துண்டு. மேற்கு வங்காளத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014இலேயே அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், இருந்தாலும் அத்தனை வருஷம் டாக்சியும் அரசாங்க வண்டியுமாக ஓடிய கார் என்பதால் வெட்டாத சாவிக்குப் பஞ்சமில்லை. இவர் டப்பாவில் ஒரு கொத்தே கிடந்தது.

சாவிக்காரர் வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் தொடவில்லை, "ஆர்சி காட்டுங்க தம்பி" என்றார். ஆர்சி அப்பா பெயரில் இருக்கிறது, என் ஆதாரில் தகப்பனார் பெயரைச் சரிபார்த்து, அப்பாவிடம் போனிலும் பேசிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் பூட்டியிருக்கும் காரைத் திறக்கத் தெரிந்த ஒருவர் இதைக் கேட்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

கதவு வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பூட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வந்தால்தான் உருளை திரும்பும். வெட்டாத சாவியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்து உள்ளே விடுகிறார், லேசாகத் திருப்பி அழுத்தம் கொடுத்தபடியே மேலும் கீழும் அசைக்கிறார், வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்க்கிறார். தகடு இடிக்கிற இடத்தில் மட்டும் கரி போய் ஊசிமுனை அளவு பளபளப்பு தெரிகிறது. அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி கரி, மறுபடி உள்ளே. ஒரு தகடு சரியான உயரத்துக்கு வந்துவிட்டால் அந்த இடத்தில் அப்புறம் புள்ளி விழாது. அதிகமாக ராவிவிட்டால் அந்தச் சாவி குப்பைதான், அதனால் அவசரமே இல்லை. பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. கடைசியில் டக்கென்று கதவு திறந்தபோது அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை, நான்தான் கத்தினேன்.

இக்னிஷனுக்கு வேறு வழி. பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டில் சுவிட்சைச் சுற்றியிருக்கும் வளைய நட்டைத் திருகி எடுத்து, சுவிட்சை முழுதாக வெளியே இழுத்துக் கையில் வைத்துக்கொண்டே சாவியை ராவினார். எந்த ஒயர் எங்கே என்று முதலில் போனில் படம் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. நிறையப் பழைய பூட்டுகளில் முகப்பிலோ பக்கவாட்டிலோ சாவி எண் பொறித்திருக்கும், இருந்தால் பாதி வேலை மிச்சம், எங்களுடையதில் தேய்ந்து போயிருந்தது. இப்போது சாவி வெண்ணெய் மாதிரி திரும்புகிறது.

டிக்கிதான் பிரச்சினை. கடல்காற்று ஊரில் வெளியே தெரிகிற பூட்டு எதுவும் துருப்பிடிக்காமல் இருக்காது, இதில் டிக்கிப் பூட்டை வருஷக்கணக்கில் யாரும் திறந்ததே இல்லை. துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு அப்புறம்தான் வேலை தொடங்கினார். சாவி செய்துவிட்டார், திறக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியே இழுத்து ஆட்டிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கேட்டதற்கு, உள்ளே தகடே தேய்ந்துவிட்டது, பூட்டை மாற்றுங்கள் என்றார். உண்மையாக இருக்கலாம், ஆனால் அதை ராவுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

"பத்து மணிக்கு வரேன்" என்றால் பன்னிரண்டு, பன்னிரண்டு என்றால் அடுத்த நாள். பாண்டியில் மதியம் ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கினால் நாலு வரைக்கும் எதுவும் நடக்காது என்பது தெரிந்ததுதான், இவர் அதையும் தாண்டியவர். பில் தரமாட்டார்.

இவரிடம் செய்தால் முதலில் ராவிய சாவியிலிருந்தே கூடுதலாக இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அளவு தவறும். பூட்டில் தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில் எதையும் விடாதீர்கள், தூசி சேர்ந்து கெட்டியாகிவிடும், கிராஃபைட் தூள் போதும், கிடைக்காவிட்டால் பென்சில் கரியைச் சாவியில் தேய்த்து விட்டாலே ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், காந்தி வீதிச் சந்தைக் கூட்டத்தில் ஆளைப் பிடிக்க முடியாது. ஜிபே இல்லை, பணமாகக் கொண்டு போங்கள்.