நெஞ்சில் குழாயோடு பத்து ராத்திரி: “நாளைக்கு ஆபரேஷன்” என்றால் யார் செய்வார் என்று கேளுங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வயது 26, ஆள் உயரம், ஒல்லி, சிகரெட் பழக்கம் உண்டு. இதெல்லாம் சேர்ந்தவர்களுக்குத்தான் நுரையீரல் திடீரென்று சுருங்கிப்போவது அதிகம் என்பது படுத்த பிறகுதான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இடது பக்கம் சுரீரென்று குத்தியது. வாயுப் பிடிப்பு என்று அம்மா பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். ராத்திரி மூச்சு முழுசாக இழுக்க முடியவில்லை. பக்கத்து ஊரில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம்.

எக்ஸ்ரே பார்த்துவிட்டு நியூமோதோராக்ஸ் என்றார்கள். நுரையீரலின் மேல் பக்கம் சின்னச் சின்னக் கொப்புளம் இருந்து ஒன்று உடைந்தால், காற்று வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தங்கி நுரையீரலை அமுக்கிவிடும். விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, குழாய் செருகி, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் இணைத்தார்கள். இருமினால் பாட்டிலில் குமிழி வரும். குமிழி வரும்வரை கசிவு நிற்கவில்லை என்று அர்த்தம். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி டியூட்டி டாக்டர் உயிரைக் காப்பாற்றினார். தானாக அடைபடுகிறதா என்று சில நாள் காத்திருந்து பார்ப்பதும் முறைதான்.

வெள்ளிக்கிழமையும் குமிழி நிற்கவில்லை. ஆபரேஷன் செய்துவிடலாம், நாளைக்கே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ராத்திரி பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் கூடாது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நர்ஸ் வந்து, “இன்னைக்கு இல்லீங்க, சாப்பிட்டுக்கோங்க” என்றார். திங்கட்கிழமையும் அதேதான். செவ்வாய்க்கிழமையும் அதேதான். ஏன் என்று கேட்டால் தியேட்டர் காலியில்லை, ஃபிட்னஸ் (ஆபரேஷனைத் தாங்கும் உடம்பு என்ற டாக்டர் சான்று) வரவில்லை, இன்சூரன்ஸ் அனுமதி வரவில்லை என்று நாளுக்கு ஒரு காரணம். இன்சூரன்ஸில் விசாரித்தால் ஆபரேஷனுக்கு அனுமதி கேட்டு ஒரு தாள்கூட அவர்களுக்குப் போகவில்லை. கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்குப் பணம் கட்டுவது) கேட்டால் நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 2024லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டிருக்கிறது. அதனால் “இன்சூரன்ஸ்தான் லேட்” என்று யாராவது சொன்னால் பாலிசி அட்டையில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் போடுங்கள்.

உண்மையைச் சொன்னது தரை துடைக்க வந்த அம்மாதான். “நெஞ்சு ஆபரேஷன் பண்ற டாக்டர் வியாழக்கிழமை மட்டுந்தான் வருவாருங் தம்பி. இந்த வாரம் அவரு லீவாமுங்.” அந்த மருத்துவமனையில் நெஞ்சு அறுவை நிபுணர் நிரந்தரமாகக் கிடையாது. அப்புறம் எதற்கு மூன்று நாள் என்னைப் பட்டினி போட்டார்கள்? வேறு இடத்துக்குப் போய்விடாமல் பிடித்து வைக்கத்தான் என்பது என் கணிப்பு.

இன்னொன்று, இதை எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது வார்டு பையன் குழாயைக் கிளிப் போட்டு இறுக்கி, பாட்டிலைத் தூக்கி என் வயிற்றின் மேல் வைத்தான். லிஃப்டுக்குள் போவதற்குள் மூச்சு முட்டி, கண் இருட்டியது. எதிரே வந்த ஒரு நர்ஸ் பார்த்துவிட்டு ஓடிவந்து கிளிப்பை எடுத்தார், பாட்டிலைக் கீழே தொங்கவிட்டார். குமிழி வந்துகொண்டிருக்கும்போது குழாயை இறுக்கினால் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்து இதயத்தையே ஒரு பக்கம் தள்ளிவிடும், ஆளே போய்விடலாம். பாட்டிலும் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதிலுள்ள தண்ணீர் உள்ளே ஏறும். கழிப்பறைக்குப் போனாலும் தூக்குவாளி மாதிரி கீழே பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

புதன்கிழமை மச்சான் வந்து சத்தம் போட்டார். ஃபைல் நகல் தர மாட்டோம் என்றார்கள். நோயாளி உரிமை சாசனத்தில் நகல் கேட்கும் உரிமை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த பிறகு சாயங்காலம் கைக்கு வந்தது. “டாக்டர் சொல்லை மீறிப் போகிறோம்” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். அரசு மருத்துவமனைக்குப் போனோம். மூன்றாம் நாள் துளை வழி ஆபரேஷன்: கொப்புளத்தை வெட்டித் தைத்து, மறுபடி சுருங்காமல் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். பைசா கேட்கவில்லை. கட்டிலுக்குத்தான் கொஞ்சம் அல்லாட வேண்டியிருந்தது.

அந்தத் தனியார் மருத்துவமனையின் பில் கதை தனி. மொத்தம் 2,18,000 ரூபாய். ஆபரேஷன் செய்யாமலே! என் பாலிசி மூன்று லட்சம், அறை வாடகை வரம்பு நாளுக்கு 3,000. அட்மிஷனில் “வேறு ரூம் இல்லை” என்று 6,000 ரூபாய் அறையில் தள்ளினார்கள். வாடகையில் மட்டும்தான் பாதி வெட்டு என்று நினைத்தேன். டாக்டர் ஃபீஸ், நர்சிங், குழாய் போட்ட செலவு எல்லாமே அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்பட்டது. மருந்தும் டெஸ்டும் தப்பின. கையுறை, பஞ்சு வகையறாவுக்கு என் பாலிசியில் பணமே கிடையாது. கடைசியில் கையிலிருந்து போனது 97,000. அம்மாவின் இரண்டு வளையல் இன்னும் அடகில்தான்.

முதல் நாளே இரண்டு கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. இந்த ஆபரேஷனை யார் செய்வார், அவர் இங்கேயே இருப்பவரா? என் பாலிசிக்கு எத்தனை ரூபாய் அறை வரை எடுக்கலாம்? பதிலை வாய்வார்த்தையாக விடாமல் எழுதி வாங்குங்கள்.

விவரமான பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நெஞ்சுக் குழாய் பாட்டில் நான்கு என்று போட்டிருக்கிறது. எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று. முதல் நாள் தேதி எழுதி ஒட்டிய பிளாஸ்திரி, கிளம்பும் நாள் வரை அதில் அப்படியே இருந்தது. பொழுது போகாமல் நானே எடுத்த போட்டோ போனில் இருக்கிறது. சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதிய புகாரில் அதையும் இணைத்திருக்கிறேன்.