6 நோ ட்ரம்ப்: ஃபினெஸ் முதலிலா, டைமன் முதலிலா?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 6 நோ ட்ரம்ப் என்றால், துருப்பு இல்லாமல் 13 பிடியில் (சுற்றில்) 12-ஐ எடுக்க வேண்டும். டம்மி என்பது மேசையில் விரித்து வைத்த நம் ஜோடியின் சீட்டு; அதையும் நாமே ஆடுகிறோம்.

டம்மி: இஸ்பேட் ஏஸ், ராணி, 3, ஆட்டின் ராஜா, 6, 2, டைமன் ஏஸ், ராஜா, 7, 2, கிளாவர் ராஜா, 8, 4.

நம் கை: இஸ்பேட் 7, 5, 4, ஆட்டின் ஏஸ், ராணி, 4, டைமன் ராணி, 6, 3, கிளாவர் ஏஸ், ராணி, ஜாக்கி, 5.

மேற்கும் கிழக்கும் எதிரணி; நமக்கு அடுத்து மேற்கு, டம்மிக்கு அடுத்து கிழக்கு ஆடுவார். மேற்கு ஆட்டின் ஜாக்கியை இறக்குகிறார். ராணியால் பிடிக்கிறோம், சரி. கையில் உறுதியாக 11 பிடி. பன்னிரண்டாவது எங்கிருந்து வரும்?

நிறையப் பேர் உடனே இஸ்பேட் இறக்கி, டம்மியின் ராணியைப் போட்டுப் பார்ப்பார்கள். இதுதான் ஃபினெஸ்; ராஜா மேற்கிடம் இருந்தால் ராணியும் ஒரு பிடி தரும். ராஜா மேற்கிடம் இருக்க வாய்ப்பு 50 சதவீதம். இல்லாவிட்டாலும் கதை முடியவில்லை; ஒரு பிடிதான் போயிருக்கிறது. எதிரணியின் 6 டைமன் 3-3 ஆகப் பிரிந்தால் (36 சதவீதம்) டம்மியின் நாலாவது டைமன் காப்பாற்றும். இரண்டையும் சேர்த்தால் சுமார் 68.

டைமனை முதலில் தட்டிப் பார்த்து, பிரியாவிட்டால் ஃபினெஸுக்குப் போனாலும் அதே 68தான். அப்புறம் என்ன வித்தியாசம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

வித்தியாசம், டைமன் பிரியாதபோது யாரிடம் நீளம் என்பதில் இருக்கிறது. ராணி, ஏஸ், ராஜா என்று மூன்று சுற்று ஆடியதும் அது தெரிந்துவிடும். நீளம் மேற்கிடம் என்றால் ஃபினெஸ்தான் வழி. அவரிடம் டைமன் அதிகம் என்பதால் இஸ்பேட் ராஜா இருக்க வாய்ப்பு பாதியைவிடக் கொஞ்சம் குறைவு. கிழக்கிடம் என்றால் ஃபினெஸே வேண்டாம். கிளாவர் நான்கையும் எடுங்கள். நாலாவதில் டம்மியின் இஸ்பேட் 3-ஐக் கழியுங்கள். ஆட்டின் ஏஸ், பிறகு 4-ஐ ராஜாவுக்கு. இப்போது டம்மியில் மிச்சம் இஸ்பேட் ஏஸ், ராணி, டைமன் 7. அந்த 7-ஐ இறக்கிக் கிழக்கிடம் பிடியைக் கொடுங்கள். அவரிடம் இஸ்பேட் மட்டுமே மிச்சம் என்றால், அதை ஏஸ்-ராணிக்குள் தானே இறக்கித் தர வேண்டும். ராஜா யாரிடம் இருந்தாலும் கவலையில்லை.

இதனால் வெற்றி வாய்ப்பு 80-க்குப் பக்கத்தில் போகிறது என்பது என் கணக்கு. இந்த வரிசைதான் எனக்குப் பிடித்தது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆட முடியாது. கெட்டிக்காரக் கிழக்கு, இஸ்பேட் ராஜாவை ஒற்றையாக விட்டு, ஒரு ஆட்டினைப் பத்திரமாக வைத்திருப்பார். டைமனைக் கொடுத்தால் அந்த ஆட்டினையும் எடுத்துவிடுவார். அவர் கழித்த சீட்டுகளை எண்ணியிருந்தால், 7-ஐத் தொடாமல் இஸ்பேட் ஏஸை இறக்கலாம். ராஜா அதன் கீழே விழும்.