மைதானத்துப் பழைய ஸ்பீக்கர்கள்: சரிசெய்வதா, ஒரே கொத்தா, கூரை நெடுக வளையமா?

“சத்தம் நல்லாத்தான் வருது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல.” பெரிய மைதானங்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. புகார் வந்ததும் கமிட்டி ஒரே முடிவுக்கு வந்துவிடும்: சிஸ்டம் பழசாகிவிட்டது, மொத்தமாக மாற்றிவிடலாம். கொட்டேஷன் கேட்டால் மூன்று விதமாக வரும். ஒருவர் இருப்பதையே பழுதுபார்த்துத் தருகிறேன் என்பார். இன்னொருவர் ஸ்கோர்போர்டு பக்கம் ஒரே இடத்தில் பெரிய கொத்தாகத் தொங்கவிடலாம் என்பார். மூன்றாமவர் கூரை விளிம்பு நெடுகச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வளையம் போடச் சொல்வார். மூன்றையும் நியாயமாக ஒப்பிட வேண்டுமானால், விலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் மைதானத்தை அளக்க வேண்டும்.

நமக்குப் பழக்கமான கிரிக்கெட் மைதானத்தையே எடுத்துக்கொள்வோம். ஐசிசி விதிப்படி ஆடுகளத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு சுமார் 59 முதல் 82 மீட்டர் வரை இருக்கலாம். அதற்குப் பின்னால் ஏறும் கேலரிகளையும் சேர்த்தால், ஒரு முனையின் மேல் வரிசைக்கும் எதிர்முனையின் மேல் வரிசைக்கும் நடுவே 200 மீட்டர் சுலபமாக வந்துவிடும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகிறது. ஆக, இந்த முனையில் கிளம்பிய சொல் அந்த முனைக்குப் போய்ச்சேர அரை நொடிக்கு மேல் ஆகும். ஒரே சொல் இரண்டு இடங்களிலிருந்து 50 மில்லிநொடிக்கு மேல் இடைவெளி விட்டு வந்தாலே காது அதை எதிரொலியாகப் பிரிக்கத் தொடங்கிவிடும். தூரத்தில் சொன்னால் அது 17 மீட்டர் வித்தியாசம்தான். மைதானத்தில் 17 மீட்டர் என்பது ஒரு பொருட்டா? புரியாமல் போவதற்கான காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஸ்பீக்கரின் வயது அதற்கு அடுத்துத்தான்.

சரி, முதல் வழி: இருப்பதைச் சரிசெய்வது. நம் ஊர் மைதானங்களில் இருப்பது பெரும்பாலும் 100 வோல்ட் லைனில் (ஒலியை உயர் மின்னழுத்தத்தில் அனுப்பி, ஒவ்வொரு ஹார்னிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கிக்கொள்ளும் முறை) ஓடும் ஹார்ன்கள். குழாய் ஸ்பீக்கர் என்று கேலியாகச் சொன்னாலும், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 105 டெசிபலுக்கு மேல் தரும் கருவி அது. சாதாரண பெட்டி ஸ்பீக்கர் 90 டெசிபல் சுற்றுவட்டாரத்தில் நிற்கும். அந்த 15 டெசிபலை ஆம்ப்ளிஃபையரில் ஈடுகட்ட வேண்டுமானால் முப்பது மடங்கு வாட் வேண்டும். லைனும் லேசுப்பட்டதில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 300 மீட்டர் இழுத்து, அதன் முனையில் 8 ஓம் ஸ்பீக்கரை நேராக மாட்டினால், கிளம்பும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு ஒயரிலேயே சூடாகப் போய்விடும். அதே ஒயரில் 100 வோல்ட் லைனாக 100 வாட் அனுப்பினால் இழப்பு அரை டெசிபல்கூட வராது. இதை வடிவமைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

பழையதை ஆராய்வது என்றால் ஏணியில் ஏறி ஒவ்வொரு ஹார்னாகத் தட்டிப் பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது கண்ட்ரோல் ரூமிலேயே இருக்கிறது. லைனை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி இம்பீடன்ஸ் மீட்டரில் (ஏசி மின்னோட்டத்துக்கு லைன் தரும் தடையை ஓமில் காட்டும் கருவி) வையுங்கள். பத்தாயிரத்தை மொத்த வாட்டால் வகுத்தால் வரவேண்டிய ஓம் கிடைக்கும். 30 வாட் ஹார்ன் பத்து இருந்தால் 300 வாட், அதாவது 33 ஓம். மீட்டர் 50 காட்டினால் லைனில் 200 வாட்தான் உயிரோடு இருக்கிறது, மூன்று ஹார்ன் போல செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். 33-க்கு வெகுவாகக் கீழே காட்டினால் எங்கோ ஷார்ட், அல்லது யாரோ நடுவில் கணக்கில்லாமல் கூடுதல் ஹார்ன் மாட்டியிருக்கிறார்கள். இதற்குச் சாதாரண மல்டிமீட்டர் உதவாது, அது லைன் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுக் கம்பியை மட்டும் அளந்துவிட்டு ஏதோ ஒரு சின்ன எண்ணைக் காட்டும். அப்புறம் ஹார்ன்களையும் கழற்றிவிட்டு மெக்கர் வைத்து ஒயரின் இன்சுலேஷனைப் பார்க்க வேண்டும். குழாய்க்குள் மழைநீர் தேங்கிய ஒயர் அங்கே மாட்டிக்கொள்ளும்.

இந்த இரண்டு சோதனையும் முடிந்த பிறகு ஹார்னிடம் வந்தால் வேலை பெரும்பாலும் யூனிட் (ஹார்னின் பின்னால் ஒலி எழுப்பும் பகுதி) மாற்றுவதோடு முடியும். டயாஃப்ரம் வெடித்திருக்கும், காயில் கருகியிருக்கும். எதனால் என்று கேட்காமல் புது யூனிட் போட்டால் அடுத்த சீசனில் அதுவும் போகும். ஹார்ன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் பேசாது, ஆனால் மைக்கில் வரும் காற்றும் ஊதலும் பாட்டின் பேஸும் அந்த வழியாகத்தான் டயாஃப்ரத்தை உதறுகின்றன, டிரான்ஸ்ஃபார்மரையும் திணறடிக்கின்றன. டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகச் சீரமைக்கும் கருவி) ஒன்று வைத்து அதற்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் போதும். பழைய சிஸ்டத்துக்கு ஒரே ஒரு புதுக் கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் அதைத்தான் வாங்குவேன்.

இன்னொரு சமாச்சாரம், செலவே இல்லாதது: ஹார்ன் எந்தப் பக்கம் பார்க்கிறது? பல இடங்களில் கைப்பிடிச் சுவரிலும் லைட் கம்பத்திலும் கட்டி, மைதானத்தைத் தாண்டி எதிர் கேலரியைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். எதிரே இருப்பதும் இப்படியே இந்தப் பக்கம் பார்க்கும். ஒவ்வொரு ரசிகருக்கும் பக்கத்து ஹார்னின் முதுகுச் சத்தமும், அரை நொடி கழித்து எதிர்ப்பக்கத்து ஹார்னின் முழுச் சத்தமும் கிடைக்கும். ஹார்னை முன்பக்கக் கம்பத்துக்கு நகர்த்தி, தன் கேலரியையே பார்க்கும்படி திருப்பிவிட்டால் பாதிப் புகார் அன்றே நிற்கும். ஸ்பானர் போதும்.

இந்த வழியின் எல்லையும் தெரிந்ததே. 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஹார்ன் ஒன்றும் தராது. அறிவிப்பு புரியும், பாட்டு தகரமாகத்தான் கேட்கும்.

இரண்டாவது வழியான ஒற்றைக் கொத்து, அமெரிக்கப் பெரிய மைதானங்களில் நெடுங்காலம் ஆண்ட முறை. இதன் நல்ல குணம் ஒன்றே, ஆனால் பெரிய குணம்: எல்லோருக்கும் ஒலி ஒரே இடத்திலிருந்து ஒரே தடவைதான் வருகிறது. பக்கத்து ஸ்பீக்கரோடு சண்டை இல்லை. ஏறிப் பார்க்க ஒரே இடம், ஒயரும் கொஞ்சம்.

கெட்டது கணக்கில் தெரியும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் இறங்கும். 25 மீட்டரில் இருப்பவருக்கும் 200 மீட்டரில் இருப்பவருக்கும் வித்தியாசம் 18 டெசிபல். பின்னால் இருப்பவருக்குக் கேட்க வைத்தால் முன்னால் இருப்பவருக்குக் காது அடைக்கும். 1992-ல் பிரான்சின் எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனம் வி-டாஸ்க் என்ற ஸ்பீக்கர் அமைப்பைக் கொண்டுவந்த பிறகு பரவிய லைன் அர்ரே முறை இதைக் கணிசமாகக் குறைத்தது. பெட்டிகளை வளைவாகத் தொங்கவிட்டு, மேல் பெட்டிகளைத் தூரத்துக்கும் கீழ்ப் பெட்டிகளைப் பக்கத்துக்கும் பிரித்துவிடலாம். ஆனால் காற்றை எந்தப் பெட்டியாலும் வெல்ல முடியாது. 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்று சென்னை மாலைப்பொழுதை வைத்துக்கொண்டால், 8 கிலோஹெர்ட்ஸ் ஒலி 100 மீட்டருக்கு 6 டெசிபல் காற்றிலேயே கரைகிறது. 200 மீட்டரில் 12. ‘ச’வும் ‘ஸ’வும் தெளிவாகக் கேட்பது அந்தப் பகுதியை நம்பித்தான். கடற்காற்று குறுக்கே வீசினால் ஒலியே வளைந்து போகும். தூர கேலரியில் சத்தம் ஏறி இறங்கி அலைவதைக் கவனித்திருப்பீர்கள்.

நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் 1951 முதல் 2007 வரை அறிவிப்பாளராக இருந்த பாப் ஷெப்பர்டை இங்கே சொல்லியாக வேண்டும். தொழிலால் அவர் பேச்சுக்கலை ஆசிரியர். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக உச்சரிப்பார். எதிரொலிக்கும் மைதானத்துக்கு அதைவிடப் பொருத்தமான பேச்சு கிடையாது. நம் வர்ணனையாளர் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் பேசினால் எந்தக் கோடி ரூபாய் சிஸ்டமும் தோற்கும்.

இரைச்சல் சட்டமும் ஒற்றைக் கொத்துக்குப் பாதகமாகவே நிற்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கி வைத்திருக்கும் பொது இடத்தின் எல்லையில் அந்தப் பகுதியின் வரம்பைவிட 10 டெசிபலோ, அல்லது மொத்தம் 75 டெசிபலோ, எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. 200 மீட்டர் தாண்டி எறியும் கொத்து கேலரியின் மதிலோடு நின்றுவிடாது. சேப்பாக்கம் மாதிரி ஊருக்கு நடுவில் இருக்கும் மைதானத்தில் அடுத்த தெருவுக்கும் அது பேசும்.

மூன்றாவது, கூரை வளையம். கூரை விளிம்பில் சிறிய பெட்டிகள், ஒவ்வொன்றும் பின்னால் திரும்பித் தன் கேலரியை மட்டும் பார்க்கும், யாருக்கும் ஸ்பீக்கர் 30, 40 மீட்டருக்கு அப்பால் இருக்காது. காற்று கரைப்பது குறைவு, வெளியே கசிவதும் குறைவு, கூரையின் அடியில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் கடைசி வரிசைக்கும் நேர்ப்பார்வை கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத ஸ்பீக்கர் காதுக்கும் தெரியாது என்பது சவுண்ட்காரர்களின் பழைய கணக்கு. பாட்டும் கச்சேரியும் வேண்டுமென்றால் இதுதான் வழி. 1965-ல் ஷே ஸ்டேடியத்தில் 55,000-க்கு மேற்பட்டவர்கள் முன்னால் பீட்டில்ஸ் பாடியபோது குரல்கள் மைதானத்து அறிவிப்பு ஸ்பீக்கர்களில்தான் போயின. ரசிகர்களின் கூச்சலைத் தாண்டி ஒன்றும் எடுபடவில்லை என்பது ஊரறிந்த கதை.

ஆனால் வளையத்தை விற்பவர்கள் சொல்லாமல் விடுவது சில உண்டு. தொங்கவிட எஃகு வேண்டும். கூரை துணிக்கூரை என்றால் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போடாமல் ஒரு கிலோ கூட ஏற்றக்கூடாது. கடற்கரைப் பக்கம் 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட் இல்லையென்றால் துரு சீக்கிரமே வந்துவிடும். பெட்டிகள் நெட்வொர்க்கில் பேசுகின்றன. ஹார்ன் முப்பது வருஷம் ஓடும், யூனிட்டை ரிட்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிக்கொள்ளலாம். நெட்வொர்க் பெட்டியின் மென்பொருளுக்குப் பத்து வருஷம் கழித்து யார் ஆதரவு தருவார்கள்? இது எழுத்தில் வர வேண்டிய கேள்வி.

நெருக்கடி நேரத்தை வைத்துப் பார்த்தால் தட்டு மறுபடியும் சாய்கிறது. 1989-ல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில் 97 உயிர்கள் போன நெரிசலுக்குப் பிறகு பிரிட்டனில் மைதானப் பாதுகாப்பே மாறியது, கூட்டத்துக்குத் தெளிவாகச் சொல்ல முடிவதும் பாதுகாப்பின் பகுதியாகவே பார்க்கப்படுகிறது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். இருக்கைகளை நோக்கி மட்டும் எறியும் கொத்தால் வாசலில் நிற்பவர்களிடம் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த இடத்தில் பழைய 100 வோல்ட் ஹார்ன்தான் நாயகன்: நடைபாதை, வாசல், டிக்கெட் வரிசை என எங்கும் ஒயர் போகும். பக்கத்துப் பக்கத்து ஹார்ன்களை இரண்டு ஆம்ப்ளிஃபையருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒன்று படுத்தாலும் மற்றது பேசும்.

ஆகவே என் தேர்வு கலப்புத்தான். கூரை இருந்தால் கேலரிக்கு வளையம், வாசலுக்கும் நடைபாதைக்கும் சரிசெய்த ஹார்ன்கள். கூரையே இல்லாத திறந்த கேலரி என்றால் வளையத்துக்குக் கம்பம் நடும் செலவு ஏறிவிடும், அங்கே கொத்தைப் பரிசீலிக்கலாம். பணம் இல்லையென்றால் ஹார்னைத் திருப்பி, ஒயரைச் சரிபார்த்து, வெவ்வேறு ஹார்ன்களின் சத்தம் காதுக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும்படி டிஎஸ்பியில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தாமதம் கொடுத்துவிட்டு இரண்டு சீசன் ஓட்டலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதை எடுத்தாலும் டெண்டரில் “இத்தனை ஆயிரம் வாட்” என்று எழுத வேண்டாம். பேச்சுத் தெளிவை 0 முதல் 1 வரை அளக்கும் எஸ்.டி.ஐ. என்ற அளவுகோல் இருக்கிறது, அறிவிப்புக்கு 0.5-க்குக் குறையக்கூடாது என்று எழுதுங்கள், எந்தெந்த இருக்கையில் அளப்பது என்று வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள், கடைசி வரிசையும் வாசலும் கட்டாயம் அதில் இருக்கட்டும். காலி மைதானத்தில் அளந்த எண்ணை அப்படியே ஏற்க வேண்டாம். கான்சஸ் சிட்டியின் ஆரோஹெட்டில் 2014-ல் ரசிகர்கள் 142.2 டெசிபல் கத்தி கின்னஸில் ஏறினார்கள், அந்த உச்சத்தை உங்கள் ஸ்பீக்கர்களால் தாண்ட முடியாது, தாண்டவும் வேண்டாம். ஓவர்களுக்கு நடுவே கூட்டம் சாதாரணமாகப் பேசும்போது இருக்கும் இரைச்சலை ஒரு மேட்ச் நாளில் பதிவுசெய்து, அந்த அளவை எஸ்.டி.ஐ. கணக்கில் சேர்த்த பிறகு வரும் எண்ணுக்குத்தான் கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும்.