மருத்துவப் படிம அல்காரிதங்களுக்கு ஆய்வு முகாம்: உரையா, விவாதமா, செயல்திட்டமா?

ஸ்கேன் படங்களில் கட்டி, புண் போன்றவற்றைக் குறிக்கும் அல்காரிதங்களை உருவாக்கும் ஆய்வுக் குழுவில் இருபது பேர், கையில் நான்கு நாள். இடமும் பயணமும் சீக்கிரம் முடிவாகிவிடும். முகாம் உரைகளாக, விவாதமாக, செயல்திட்ட வேலையாக என எந்த வடிவில் நடக்க வேண்டும் என்ற கேள்விதான் கடைசி வரை தள்ளிப்போகும். பலன் முழுவதும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

உரை முகாமை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஏற்பாடு செய்வது எளிது, புதியவர்களுக்குப் பயனும் உண்டு. ஆனால் பதிவு செய்து அனுப்பினாலே போதுமான உரைகளுக்காக இருபது பேரை ஓரிடத்தில் கூட்ட வேண்டியதில்லை. உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான்.

விவாத முகாம்

ஜெர்மனியின் டாக்ஸ்டூல் மாளிகையில் 1990 முதல் நடக்கும் கணினியியல் கருத்தரங்குகள் இவ்வகைக்கு நல்ல முன்மாதிரி: அழைக்கப்பட்ட சிலர், ஒரே கூரை, உரையைவிடப் பேச்சுக்கே அதிக நேரம். நம் துறையிலேயே, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் ஐபிஎம்ஐ என்ற மருத்துவப் படிம ஆய்வு மாநாட்டில் சிறு குழுக்கள் கட்டுரையை முன்கூட்டியே படித்து விவாதித்துவிட்டு அரங்குக்கு வருகின்றன. இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வியே இன்னும் தெளிவாகாத குழுவுக்கு இது பொருந்தும். அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் குறித்த பகுதியும் அல்காரிதம் குறித்ததும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை டைஸ் மதிப்பு சொல்லும்: இரண்டுக்கும் பொதுவான அளவின் இருமடங்கை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்; 1 என்றால் முழுப் பொருத்தம். 10 வோக்சல் (முப்பரிமாணப் படத்தின் மிகச்சிறு கட்டம்) அளவுள்ள புண்ணில் 2 வோக்சல் தவறினால் டைஸ் மதிப்பு 0.89 ஆக இறங்கும். 10,000 வோக்சல் கட்டியில் அதே 2 தவறினால் 0.9999. புண்ணே இல்லாத நோயாளிக்கு அல்காரிதமும் எதையும் குறிக்காவிட்டால் சுழியைச் சுழியால் வகுக்க வேண்டிவரும். அதை 1 என்று கொள்வதா, விட்டுவிடுவதா என்பதைப் பொறுத்துச் சராசரியே மாறிவிடும். இதை ஆளாளுக்கு ஒருவிதமாகச் செய்துவிட்டு முடிவுகளை ஒப்பிட்டுப் பயனில்லை. எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க முடியும்.

இங்கே வரும் சிக்கல், மூத்தவர்கள் மட்டுமே பேசுவதும் எதுவும் எழுத்தில் நிற்காததும். ஒவ்வொரு அமர்வுக்கும் குறிப்பெழுத ஒருவரை முன்பே நியமியுங்கள். முதல் கேள்வி மாணவரிடமிருந்து வரட்டும். எடுத்த முடிவுகள் அன்று மாலைக்குள் ஒரு பக்கமாக எல்லோர் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.

செயல்திட்ட முகாம்

இங்கே ஒவ்வொருவரும் தன் திட்டத்தில் நேரடியாக வேலை செய்வார். 3டி ஸ்லைசர் என்ற மருத்துவப் பட மென்பொருளைச் சுற்றி 2005 முதல் நடந்துவரும் நா-மிக் செயல்திட்ட வாரம் இதற்கு எடுத்துக்காட்டு. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பக்கம்; அதில் நோக்கம், வழிமுறை, முன்னேற்றம் மூன்றும் இருக்கும். முதலிரண்டை வருவதற்கு முன்பே நிரப்பிவிட வேண்டும்.

இவ்வகை முகாம்கள் தோற்பதற்கு முதல் காரணம், அல்காரிதத்தின் கற்றல் மாதிரியைத் தரவு கொண்டு பயிற்றுவிப்பதை அங்கே போய்த் தொடங்குவது. படத்தில் உறுப்பையும் கட்டியையும் பிரித்துக் குறிக்கப் பரவலாகப் பயன்படும் என்என்யு-நெட் மென்பொருள் தன் இயல்பான அமைப்பில் 1000 சுற்றுகள் ஓடுகிறது. சுற்றுக்கு 250 படிகள். ஐந்து மடிப்புச் சரிபார்ப்பு (தரவை ஐந்தாகப் பிரித்து ஐந்து முறை பயிற்றுவிப்பது) என்றால் மொத்தம் 12.5 லட்சம் படிகள். ஜிபியு (பயிற்சிக்கான வரைகலைச் செயலி) ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நான்கு நாளும் கழிந்துவிடும். பயிற்சியை முன்பே முடித்து, கணித்த மாஸ்க்குகளோடு (ஒவ்வொரு வோக்சலும் எந்தத் திசு என்று எண்ணால் குறித்த படங்கள்) வாருங்கள்.

அடுத்தது தரவு. பிராட்ஸ் என்ற பொது ஆய்வுத் தொகுப்பில் ஒரு மூளைக்கட்டி நோயாளிக்கு நான்கு எம்ஆர்ஐ வரிசைகள், ஒவ்வொன்றும் 240×240×155 வோக்சல். 16 பிட்டில், சுருக்காமல், அது சுமார் 71 எம்பி. 500 பேருக்கு ஏறத்தாழ 36 ஜிபி. இருபது பேரும் நொடிக்கு 100 மெகாபிட் வரும் ஒரே இணைப்பில் இறக்கினால் 16 மணி நேரம் ஆகும். வட்டில் எடுத்துப் போவதோ, எல்லோரும் ஒரே சேவையகத்தில் நுழைந்து வேலை செய்வதோ நல்லது. மருத்துவமனைத் தரவு என்றால் சேவையகம் மட்டும்தான், மடிக்கணினியில் நகல் கூடாது. பெயரை நீக்கினால் போதாது: தலை எம்ஆர்ஐயிலிருந்து முகத்தையே உருவாக்கிவிடலாம், அல்ட்ராசவுண்ட் படத்தின் மேலேயே பெயர் பதிந்திருக்கலாம்.

புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியவை மூன்று:

- டைகாம், நிஃப்டி இரண்டும் படக் கோப்பு வடிவங்கள்: முன்னது மருத்துவமனைக் கருவிகளுடையது, பின்னது ஆய்வில் பயன்படுவது. டைகாமில் அச்சுகள் நோயாளியின் இடப்புறமும் பின்புறமும் நோக்கி வளரும். நிஃப்டியில் வலப்புறமும் முன்புறமும். மாற்றும்போது குறி பிசகினால் படம் இடவலமாகத் திரும்பிவிடும். வயிற்றில் கல்லீரல் காட்டிக்கொடுக்கும். மூளை ஏறக்குறைய சமச்சீரானது என்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும்.
- மாஸ்க்கின் அளவை மாற்றும்போது அருகாமை முறை (பக்கத்து வோக்சலின் எண்ணை அப்படியே எடுப்பது) மட்டும். சராசரி எடுக்கும் நேரியல் முறையில் 0-க்கும் 2-க்கும் நடுவே 1 முளைக்கும். அது வேறொரு திசுவின் எண்.
- பயிற்சி, சோதனைப் பிரிப்பு நோயாளி வாரியாக இருக்கட்டும். ஒரே ஆளின் துண்டுப் படங்கள் இரு பக்கமும் போனால் மதிப்பெண் பொய்யாக ஏறும்.

எதைத் தேர்வது

எங்கள் பரிந்துரை செயல்திட்ட முகாம்தான். ஆனால் அங்கே நடக்க வேண்டிய வேலை பயிற்சியல்ல, பிழை ஆய்வு. அல்காரிதம் எழுதுபவரும் கதிரியல் மருத்துவரும் ஒரே திரையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார வழக்கமான வாரங்களில் வாய்ப்பே கிடைப்பதில்லை. டைஸ் மதிப்பு மிகக் குறைந்த 30 நோயாளிகளை வரிசைப்படுத்திக் கொண்டுபோங்கள். மருத்துவர் குறித்தது எது, அல்காரிதம் குறித்தது எது என்று சொல்லாமல் காட்டுங்கள். குறித்தவரின் பிழை, படத்தின் தரக்குறைவு, அல்காரிதத்தின் பிழை என்று ஒவ்வொன்றையும் பிரித்தெழுதுங்கள்.

முதல் வகை நினைப்பதைவிட அதிகமாகவே வரும். எல்ஐடிசி-ஐடிஆர்ஐ நுரையீரல் தொகுப்பில் 1018 சிடி படங்கள் ஒவ்வொன்றையும் கதிரியல் மருத்துவர்கள் நால்வர் பார்த்தார்கள். குறைந்தது ஒருவராவது 3 மிமீ அல்லது அதற்கு மேல் என்று குறித்த முடிச்சுகள் 2669; நால்வரும் ஒருமித்துக் குறித்தவை 928 மட்டுமே. மருத்துவரின் குறிப்பை மாறாத உண்மை என்று கொண்டு அல்காரிதத்தை மட்டும் திருத்திக்கொண்டிருந்தால் உழைப்பு வீண்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓர் அமர்வு நீண்டால் கண் சோர்ந்து குறிப்புகள் தளர்ந்துவிடும். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று போதும். கதிரியல் மருத்துவர் இரண்டு அரை நாளாவது வருவதாக உறுதி தராவிட்டால், செயல்திட்ட முகாமைத் தள்ளிவைத்துவிட்டு அந்த நான்கு நாளில் விவாத முகாமை நடத்துங்கள்.