மீன் பேர் கண்டுபிடிக்கிற மடக்கு அட்டை: 5க்கு 3 ஸ்டார்

அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல ஏரிக்கரையில டென்ட் போட்டு ரெண்டு நைட் இருந்தோம், கெளம்புறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல லேமினேட் பண்ண ஒரு மீன் அட்டை வாங்கிட்டு போனேன், மடக்கி பாக்கெட்ல வெச்சுக்கலாம். வேடிக்கைக்கு வாங்கல. அங்க சட்டப்படி சன்ஃபிஷ் (ப்ளூகில், பம்ப்கின்சீட் எல்லாம் இந்த வகை மீன்தான்) ஒரு நாளைக்கு 20 வெச்சுக்கலாம், க்ராப்பிங்கிற மீன்னா 10 தான், சில ஏரில அதைவிடவும் கம்மி, கையில இருக்குறது எதுன்னு தெரியாம பக்கெட்ல போட முடியாது.

காலையில சின்ன ஹூக், மண்புழு, தக்கை, அவ்ளோதான், போட்ட அஞ்சு நிமிஷத்துல தக்கை முழுகுச்சு. பையன் மீனைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், நான் அட்டையைத் திருப்பித் திருப்பி பாக்குறேன், ஒண்ணும் ஒத்துப்போகல. படத்துல ப்ளூகில்லுக்கு நெஞ்சு செக்கச்செவேல்னு ஆரஞ்சா இருக்கு, எங்களுக்கு மாட்டுனது வெளுத்துப்போய் இருக்கு. அப்புறம்தான் புரிஞ்சுது, இவங்க போட்டிருக்கிற படம் எல்லாம் முட்டை போடுற சீசன் ஆம்பள மீன். பொட்டை, குஞ்சு எல்லாம் அப்படி இருக்காது, தண்ணியைப் பொறுத்தும் கலர் மாறும்.

ஆனா அட்டையோட பின்பக்கம் பொடி எழுத்துல இருக்குறதுதான் தங்கம். செவுளுக்குப் பின்னாடி காது மாதிரி ஒரு மடல் இருக்கும்ல, அது முழுக்க கறுப்பா இருந்து முதுகுத் துடுப்போட பின்பக்கம் அடியில ஒரு கறுப்புத் திட்டும் இருந்தா ப்ளூகில். மடல் நுனியில சின்னதா செவப்பு பொட்டு, கன்னத்துல நீலக் கோடு நெளிநெளியா ஓடுனா பம்ப்கின்சீட். கண்ணு செவப்பா இருந்தா ராக் பாஸான்னு பாருங்க, அதுக்கு வாலுக்கு முன்னாடி அடிப்பக்கம் இருக்குற துடுப்புல முள்ளு 6 கிட்ட இருக்கும், சன்ஃபிஷுக்கு 3 தான். யெல்லோ பெர்ச்ல குழப்பமே வராது, மஞ்ச ஒடம்புல பட்டை பட்டையா கறுப்பு, முதுகுல துடுப்பு தனித்தனியா ரெண்டு. சாயங்காலம் இருட்டுற நேரத்துல க்ராப்பி வந்துச்சு, கறுப்பு க்ராப்பிக்கு முதுகுல முள்ளு 7, 8 இருக்கும், வெள்ளைக்கு 5, 6. வாய் காகிதம் மாதிரி, வெடுக்குன்னு இழுத்தா கிழிஞ்சு மீன் போயிடும், எனக்கு ரெண்டு போச்சு. (முள்ளு எண்ணும்போது தலைப்பக்கத்துலேர்ந்து கையால தடவி மடக்கிப் புடிங்க, இல்லன்னா ஏத்திடும்.)

ஒரு மீனுக்கு மடல்ல லேசா ஆரஞ்சு, துடுப்புல கறுப்புத் திட்டு, ரெண்டும் இருந்துச்சு. ப்ளூகில்லும் பம்ப்கின்சீட்டும் கலந்து பொறக்குறது உண்டு, அட்டையில அதைப் பத்தி ஒரு வரி இல்ல. ஓரத்துல இருக்குற ஸ்கேல் வேற 6 இன்ச்தான், ப்ளூகில்லே 7, 8 இன்ச் வருது, எதுக்கு இந்த ஸ்கேல்? தண்ணி படாதுன்னாங்க, ரெண்டாவது நாளே மடிப்புல லேமினேஷன் விட்டுடுச்சு.

தூக்கிப் போடல. மடிப்புல டேப் ஒட்டி, எல்லா படத்துலயும் அந்த காது மடலை மார்க்கர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன், பையன் இப்ப அதைத்தான் மொதல்ல பாக்குறான்.