மலை ஏறாத எம்டிபி (மவுண்டன் பைக்): தேரூர், சுசீந்திரம், மணக்குடி பக்கம் ஓட்டிப் பாத்து எழுதின ரிவ்யூ

27.5 இஞ்ச் வீல், 2.1 இஞ்ச் டயர், 21 கியர், முன்னாடி சஸ்பென்ஷன் ஃபோர்க், ரெண்டு வீல்லயும் கேபிள் டிஸ்க் பிரேக், அலுமினிய ஃப்ரேம். இருபதாயிரம் ரூபாய ஒட்டி கிடைக்கற ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் உள்ள) எம்டிபி எத எடுத்தாலும் சாமான் ஏறக்குறைய இதே தான் இருக்கும், அதனால கம்பெனி பேரு சொல்லல, பேர வச்சு சண்ட போடுறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. எங்க ஓட்டப் போறோம்ங்கறது தான் முக்கியம்.

மவுண்டன் பைக்குன்னு சொன்னதும் எல்லாரும் கேக்கறது பேச்சிப்பாறை மேல போனியா, காளிகேசம் போனியான்னு தான். நான் ஓட்டறது அதுக்கு நேர் எதிரான இடம். கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டு வயக்காடு, குளத்தங்கரை, சானல்கரை, பழையாத்தங்கரை, கடைசில ஆறு கடல்ல சேர்ற மணக்குடி பொழிமுகம். மருந்துக்குக் கூட ஏத்தம் கிடையாது. இந்த சமதரைக்கு எம்டிபி என்னத்துக்கு, ஒல்லி டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிள் போதுமேன்னு கடைக்காரங்களே சொல்லுவாங்க. தார் ரோட்டுல மட்டும் போறவங்களுக்கு அது சரி. ஆனா மழை பெஞ்ச மறுநாள் தேரூர் குளத்தங்கரைல ஹைப்ரிட்ட இறக்கினா அந்த ஒல்லி டயர் களிமண்ல கோடு கிழிச்சிட்டு அப்படியே நிக்கும், இறங்கி தள்ள வேண்டியது தான்.

இந்த மண்ணுல வேல செய்யறது டயரு தான், சஸ்பென்ஷன் இல்ல. வாங்கின கடையில எனக்கு டயர்ல காத்த கல்லு மாதிரி அடிச்சு குடுத்தாங்க, எம்டிபி ஓட்டறவங்ககிட்ட கேட்டா அனேகமா எல்லாரும் கடையில தங்களுக்கும் இப்படி தான் அடிச்சு குடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. 60 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வச்சா கட்டாந்தரைல ஒவ்வொரு சின்ன கல்லும் கைமூட்டு வர வந்து சேரும், ஈரத்துல பின்வீலு வழுக்கிட்டு போவும். அதயே 30-க்கு இறக்கிப் பாருங்க. உங்க வெயிட்டு மாறல, அழுத்தம் பாதி ஆச்சுன்னா டயர் தரைல பதியற பரப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆவும், அம்புட்டு தான் கணக்கு. சேத்துல புதையாம மிதந்து போற மாதிரி இருக்கும். பெருவிரலால அழுத்தினா லேசாட்டு உள்ள போவணும், ஆனா ரிம் தட்டப்படாது, அது தான் அளவு. அதுக்கும் கீழ இறக்காதீங்க, டியூப் உள்ள டயர்ல கல்லுல இடிச்சதும் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப் நசுங்கி பாம்பு கொத்தின மாதிரி ரெண்டு ஓட்ட விழும். தார் ரோட்டுல திரும்பி வரும்போது கொஞ்சம் கனமா மிதிக்க வேண்டி வரும், அத பொறுத்துக்கலாம்.

சஸ்பென்ஷன் ஃபோர்க் இந்த விலைல ஸ்டீல் ஸ்பிரிங் வச்சது, அது ஒண்ணே ரெண்டு கிலோவுக்கு மேல கனக்கும். சமதரைல அதுக்கு ஒரு சோலியும் இல்ல. எழுந்து நின்னு மிதிச்சா முன்பக்கம் சும்மா ஊஞ்சல் ஆடும், நம்ம சக்திய தின்னும். ஃபோர்க்க ஆடாம பூட்டற லாக்கவுட் இருந்தா போட்டு வச்சிருங்க. பட்ஜெட்டுக்குள்ள சஸ்பென்ஷன் இல்லாத ரிஜிட் ஃபோர்க் போட்ட எம்டிபி கிடைச்சா யோசிக்காம அத எடுங்க, மிச்ச காசுக்கு நல்ல டயர் மாத்திக்கலாம்.

கியர் 21 தேவையான்னு கேட்டா, ஆனி ஆடில ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க. முப்பந்தல் காத்தாடிய சுத்த வைக்கிற அதே காத்து ஆரல்வாய்மொழி கணவாய நோக்கி மேற்க இருந்து வயக்காட்ட தடவிட்டு வரும், மறைக்க ஒரு மரம் கிடையாது. தேரூர்ல இருந்து நாகர்கோவில பாத்து திரும்பும்போது அது நேரா நெஞ்சுல அடிக்கும். அந்த நேரம் முன்னாடி சின்ன பல்சக்கரத்துக்கு மாத்தி கால வேகமா சுத்த விட்டா தான் முழங்கால் தப்பும். இங்க காத்து தான் ஏத்தம். அதனால காலைல எதிர்காத்துல போயிட்டு வெயில் ஏறின பிறகு காத்த முதுகுல வாங்கிட்டு திரும்பற மாதிரி வழிய போட்டுக்கோங்க, அந்த மாசங்கள்ல நான் மேற்க இருக்கற வேம்பனூர் குளத்துக்கு போறதே அதுக்காக தான்.

டிஸ்க் பிரேக் இங்க கண்டிப்பா வேணும். ரிம்ம பிடிச்சு நிறுத்தற வி பிரேக்குல ரிம்ல ஒட்டின களிமண்ணு பிரேக் கட்டையோட சேந்து அரைச்சிட்டே இருக்கும், கொஞ்ச நாள்ல ரிம்மே தேஞ்சிரும். டிஸ்க் வீலுக்கு நடுவுல உயரத்துல இருக்கதால சேறு அவ்வளவா எட்டாது. கேபிள் டிஸ்க் ஆனா மழைக்கு அப்புறம் கேபிள் உறைக்குள்ள தண்ணி புகுந்து லீவர் கடினமாவும், எண்ண விட்டா சரியாவும்.

இனி உப்பளம். புத்தளம் பக்கம் உப்பளத்து பாதை ஓட்டறதுக்கு அருமையானது, காஞ்சு இறுகி சிமெண்டு தரையாட்டு இருக்கும், ரெண்டு பக்கமும் வெள்ள வெளேர்னு பாத்தி, நேரம் நல்லா இருந்தா பூநாரை கூட்டமா நிக்கும். ஆனா சைக்கிளுக்கு இத விட மோசமான இடம் இந்த மாவட்டத்துலயே கிடையாது. கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு தான், பாத்தில உப்பு விளையற நேரம் அது ஏழு மடங்குக்கு மேல ஏறி இருக்கும். அந்த தண்ணி தெறிச்சு செயின்ல காஞ்சா மறுநாள் காலைல இணைப்புக்கு இணைப்பு செம்மண் கலர்ல ஒரு தூள் பூத்திருக்கும், மிதிச்சா கரகரன்னு சத்தம். ஃப்ரேம் அலுமினியம் தானே துருபிடிக்காதுன்னு விட்டுறாதீங்க, செயின், கேபிள், சீட்டு போல்ட்டு, ஸ்போக் நிப்பிள் எல்லாம் போவும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணி ஊத்தி கழுவி, பழைய துணியால செயின துடைச்சு, காஞ்ச பிறகு செயின் எண்ண விடுங்க. பிரஷர் பம்ப் வச்சு ஹப்புல அடிக்காதீங்க, பேரிங்ல தண்ணி ஏறிரும். அதே மாதிரி மறுகால் தண்ணி ஓடும்போது ஹப்பு முங்கற ஆழத்துல ஓட்டிக் கடக்க வேண்டாம், தூக்கிட்டு நடந்து போங்க.

பஞ்சர் விஷயம். உப்பளத்து ஓரம் உடமுள்ளு, வயல் பக்கம் நெருஞ்சி. ஸ்பேர் டியூப், லீவர், சின்ன பம்பு இல்லாம போனா சைக்கிள சுசீந்திரம் வர உருட்டிட்டு வர வேண்டியது தான்.

சரி, இவ்வளவு பாடுபட்டு இங்க எதுக்கு ஓட்டணும்னா, பறவைக்காக. சுசீந்திரம் தேரூர் குளங்கள், வேம்பனூர் குளம் ரெண்டுமே 2022-ல ராம்சார் தலமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமா அறிவிக்கப்பட்டது, முதல்ல சொன்னது 94 ஹெக்டேர், வேம்பனூர் 20 ஹெக்டேர் கூட வராது. அவ்வளவு சின்ன தண்ணில கூழைக்கடா, சங்குவளை நாரை, நீலத் தாழைக்கோழி, குளிர்காலம் ஆனா வடக்க இருந்து வர வாத்துங்கன்னு நிறைஞ்சு கிடக்கும். மோட்டார் பைக்ல போனா சத்தத்துக்கு பறந்திரும், நடந்து போனா ஒரு குளம் பாக்கவே காலைப்பொழுது முடிஞ்சிரும். காத்து குறைச்சு வச்ச அகல டயரு மண்பாதைல சத்தமே இல்லாம உருளும். தேரூர் கரைல அப்படி பைய உருண்டு போகும்போது ஒரு நத்தைகுத்தி நாரை நத்தைய அலகுல வச்சு தண்ணிக்குள்ள தலைய விட்டு நோண்டிட்டே இருந்துச்சு, நடுவுல இடைவெளி விட்ட அந்த அலகு, உள்ள இருக்கற சதைய மட்டும் இழுத்து எடுத்துட்டு ஓட்ட விட்டுட்டு அடுத்தத தேட போச்சு. நான் கடந்து போனத அது கண்டுக்கவே இல்ல. கரை முழுக்க அப்படி காலி ஓடு கிடக்கும், டயருக்கு அடில நொறுங்கற சத்தம் தான் அந்த பாதையோட ஒரே சத்தம்.

அதுக்காக எங்க வேணும்னாலும் சக்கரத்த விடலாம்னு இல்ல. சுசீந்திரம், தேரூர், மணக்குடி சேந்து 2015-ல இருந்து பாதுகாப்பு காப்பகம். தாமரை இலை மேல நீளவால் இலைக்கோழி முட்ட வச்சிருக்கும், அடைகாக்கறது ஆண்பறவ தான், நாம விளிம்பு வர போய் நின்னா அது எந்திரிச்சு போயிரும், முட்ட வெயில்ல கிடக்கும். அதனால கரை மேல மட்டும் ஓட்டுங்க, தண்ணி ஓரம் இறங்காதீங்க, பெல் அடிக்காதீங்க. வயக்காரங்கள பத்தியும் சொல்லணும். கன்னிப்பூ, கும்பப்பூ ரெண்டு போகத்துலயும் வரப்பு தான் அவங்களுக்கு தண்ணிய பிடிச்சு வைக்குது. ஒரு பாட்டா மண்வெட்டியோட நின்னு என்கிட்ட சொன்னாரு, "மக்கா, கரைல எத்தன மட்டம் வேணும்னாலும் ஓட்டு, ஈர வரப்புல மட்டும் ஏத்திராத, சக்கரம் வெட்டின தடத்துல தான் மொதல்ல தண்ணி உடைக்கும்". சரி பாட்டான்னு சொல்லிட்டு வந்தேன், அதுக்கு பிறகு வரப்பு ஈரமா இருந்தா சானல்கரைய சுத்தி தான் போறேன். குரூப்பா வரவங்க இத கண்டிப்பா கவனிக்கணும், ஒருத்தர் தடத்துல பத்து பேரு போனா அந்த வரப்பு தாங்காது.

முதல் தடவ போறவங்களுக்கு வழி: கோட்டார், இடலாக்குடி தாண்டி சுசீந்திரம் குளம், தேரூர், திரும்பி சுசீந்திரம் வந்து பழையாத்தங்கரைய பிடிச்சு தெற்க, புத்தளம் உப்பளம் பாத்துட்டு மணக்குடி பாலம். 2004 சுனாமில பழைய பாலம் போன இடத்துல கட்டின பாலம் தான் அது, மேல நின்னா ஒரு பக்கம் அலையாத்தி மரம், ஒரு பக்கம் பொழி வாயும் கடலும். கடலோரத்து மணல்ல சைக்கிள இறக்க வேண்டாம், 2.1 இஞ்ச் டயரு அங்க தாங்காது, அதுக்கு ரொம்ப அகல டயர் போட்ட ஃபேட் பைக் தான் வேணும்.

மொத்தத்துல இந்த சைக்கிள் இந்த தரைக்கு கொள்ளாம், மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலு, குறைஞ்ச ஒண்ணு அந்த ஃபோர்க்குக்கு. டயர் மாத்தறவங்க நடுவுல கட்ட (டயர் மேல துருத்தற ரப்பர்) நெருக்கமாவும் ஓரத்துல கட்ட தள்ளித்தள்ளியும் இருக்கறத பாத்து எடுங்க, ஓரத்துலயும் கட்ட நெருக்கமா இருக்கற டயர்ல களிமண்ணு அப்பிக்கிட்டா உதிராது. 2.25-க்கு போவ ஆச இருந்தா முதல்ல ஃபோர்க்கு நடுவுலயும் பின்னாடி ஃப்ரேம்லயும் அளந்து பாருங்க, ரெண்டு பக்கமும் சுண்டுவிரல் நுழையற அளவு இடம் இல்லன்னா தேரூர் சேறு அதுல அடைஞ்சு வீல சுத்த விடாது.