குலச்சின்னச் சான்றிதழ் என்ற பெயரில் 380 பவுண்ட் மோசடி: ஸ்காட்லாந்து வம்சாவளி தேடுவோர் கவனத்திற்கு

ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்களுக்கு “பதிவு பெற்ற குலச்சின்னம்” வரைந்து, வம்சாவளி அட்டவணையும் சேர்த்துச் சட்டகத்தில் பொருத்தி அனுப்புவதாக விளம்பரம் செய்யும் இணையக் கடை ஒன்றில் 380 பவுண்டைப் பறிகொடுத்த ஆத்திரத்தோடு இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்ல இப்போதைக்கு வழியில்லை. ஆனால் இதே வகைக் கடைகள் பல இருப்பதால், நடந்ததைச் சொன்னாலே போதும்.

என் மாமனார் மெக்கன்சி குலத்தவர். குலத் தலைவரின் இருப்பிடமான லியோட் கோட்டையிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள டிங்வாலில் பிறந்தவர். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுப்பதற்காகவே அந்தக் கடையைத் தொடர்பு கொண்டேன். தொலைபேசியில் பேசியவர் தம்மை ஆய்வாளர் என்றார். என் பூர்வீகம் தமிழ்நாடு என்று தெரிந்த மறுகணமே காலின் மெக்கன்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். 1783இல் மெட்ராஸில் வந்திறங்கியதையும், மைசூர் நில அளவையையும், 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனதையும், அவர் திரட்டிய சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் சென்னையில் இருப்பதையும் மடமடவென்று சொன்னார். அவர் சொன்னவை அத்தனையும் உண்மை. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த இடத்தில் நம் ஊர்ச் சுவடிகளைப் பற்றி ஒருவர் இப்படிப் பேசினால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? உங்கள் மாமனாரின் கிளை அவரோடு சேருவதற்கு எங்களிடம் ஆவணம் இருக்கிறது என்று அவர் முடித்தபோது, 380 பவுண்டையும் முன்பணமாகவே அனுப்பிவிட்டேன்.

வந்து சேர்ந்தது என்ன தெரியுமா? படத்தில் சிவப்பு அரக்கு முத்திரையாகத் தெரிந்தது, விரலால் தடவிப் பார்த்தால் வழுவழுவென்ற வெறும் அச்சு. நீலக் கேடயத்தில் நேர்முகமாகப் பார்க்கும் பொன்னிற மான்தலை, அதன்மேல் தீப்பற்றி எரியும் குன்று, அடியில் கொட்டை எழுத்தில் என் மாமனாரின் பெயர். அட்டவணையின் உச்சியில் 1263இல் லார்க்ஸ் போரில் மன்னருக்காகப் போரிட்டு கின்டெயில் நிலத்தைப் பெற்ற காலின் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அயர்லாந்துக்காரர் மெக்கன்சி குலத்தின் மூதாதையாக இருந்தார். வரலாற்றாசிரியர்கள் வெகுகாலத்துக்கு முன்பே தள்ளிவிட்ட பழங்கதை அது. லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவேயில் பிறந்த காலின் மெக்கன்சியைக் கின்டெயிலில் பிறந்தவர் என்று அச்சிட்டிருந்தார்கள். தொலைபேசியில் அத்தனை விவரம் பேசியவர்களுக்கு இதைச் சரிபார்க்க நேரமில்லை போலும்.

இதையெல்லாம் விடப் பெரிய கொடுமை அந்தக் கேடயம்தான். என் கணவரின் அத்தை பார்த்தவுடனே முகம் சுளித்தார். அந்த மான்தலைக் கேடயம் குலத் தலைவர் ஒருவருக்கே உரியது. ஸ்காட்லாந்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கேடயச் சின்னம் கிடையவே கிடையாது. சின்னம் என்பது ஒரு தனி மனிதரின் சொத்து. தலைவரின் இளைய மகன்கூட அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. விளிம்பு சேர்த்தோ வேறு மாற்றம் செய்தோ ஸ்காட்லாந்தின் குலச்சின்னங்களைப் பதிவு செய்யும், எடின்பரோவில் உள்ள லார்ட் லயன் நீதிமன்றத்தில் தம் பெயரில் பதிந்தாக வேண்டும். 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட அந்தப் பதிவேடு இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமையில்லாத சின்னத்தைப் பயன்படுத்துவோர் மீது வழக்குத் தொடுக்க அந்த நீதிமன்றத்துக்கென்றே தனி வழக்கறிஞர் இருக்கிறார். அடுத்தவருடைய சின்னத்தின் கீழ் என் மாமனாரின் பெயரை எழுதி, அதற்கு என்னிடமே 380 பவுண்ட் வாங்கியிருக்கிறார்கள். நாணயமாக வாழ்ந்த ஒரு பெரியவருக்கு இதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்?

கேட்கப் போனால் ஆய்வாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். பிறகு, தனிப்பட்ட முறையில் செய்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. “பதிவு பெற்றது” என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்களே என்று விடாமல் கேட்டதற்கு, அது தங்கள் கடையின் சொந்தப் பதிவேட்டைக் குறிக்கும் என்று கூசாமல் பதில் எழுதினார்கள். லார்ட் லயன் பெயரை எடுத்ததும் சான்றிதழ் அலங்காரத்துக்கு மட்டுமே என்றார்கள். அதற்குப் பின் பதிலே இல்லை. அலங்காரத்துக்கு 380 பவுண்டா?

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன். இப்போது இருக்கும் மனநிலையில் அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். குடும்பப் பெயரைக் கேட்டுவிட்டு உடனே கேடயம் காட்டும் கடையில் எதையும் வாங்காதீர்கள். குலத்தவர் என்ற முறையில் அணிய வேண்டுமென்றால், தலைவரின் முடிச்சின்னத்தை (கேடயத்துக்கு மேலே வரும் சின்னம்) சுற்றி வாரும் கொக்கியும் அவரது குறிக்கோள் வாசகமும் அமைந்த குலப்பதக்கம் இருக்கிறது. அதைக் குலத்தவர் யாரும் முறையாக அணியலாம், விலையும் குறைவு. சொந்தச் சின்னம் வேண்டுமென்றால் லார்ட் லயன் நீதிமன்றத்துக்கு நேரடியாக மனுச் செய்யுங்கள், இடைத்தரகர் தேவையில்லை. 100 பவுண்டுக்கு மேல் எதை வாங்கினாலும் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின்படி கார்டு தந்த வங்கியும் பொறுப்பேற்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பினால் தள்ளுபடி என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். என் 380 பவுண்ட் போனது அந்த வழியில்தான்.